கணினி வந்த பிறகும் பதிவேடுகள் ஏன் போகவில்லை?

12 ஜனவரி 2025 – வாசகர் ஒருவரின் கேள்வி

என் தங்கை அரசு அலுவலகம் ஒன்றில் சம்பளப் பிரிவில் இருக்கிறாள். எல்லாம் கணினிக்கு வந்துவிட்டது என்று பல ஆண்டுகளாகக் கேள்விப்படுகிறோம். ஆனால் மாதத்தின் கடைசி வாரத்தில் அவள் இரவு 8 மணிக்குத்தான் வீடு திரும்புகிறாள். அமைச்சரும் செயலாளரும் மாற்றத்தை உண்மையாகவே விரும்பினாலும் கீழே வேலை குறையாததற்குக் காரணம் மென்பொருளா, ஊழியர்களா, தலைமையா?

12 ஜனவரி 2025, இரவு

தலைமைதான். மாவட்ட நிலை அலுவலகம் ஒன்றில் 31 ஆண்டுகள் பணியாற்றி, அவற்றில் கடைசி 9 ஆண்டுகள் கணக்குப் பிரிவுக் கண்காணிப்பாளராக இருந்து, சென்ற ஆண்டு ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். புதிய முறையைத் தொடங்கி வைப்பதற்கு ஆணை வரும், பயிற்சி வரும், காணொலிக் கூட்டம் வரும். கையால் எழுதும் பழைய பதிவேட்டை இன்ன தேதியோடு நிறுத்திவிடலாம் என்று எழுதிக் கையெழுத்திட்ட ஆணை மட்டும் வராது. அது வராதவரை எந்த உதவியாளரும் பதிவேட்டை நிறுத்தமாட்டார், ஏனென்றால் தணிக்கைக்கு வருபவர் முதலில் கேட்பது அதைத்தான். ஆகவே ஒரே சம்பளப் பட்டியலைக் கணினியில் தயாரித்து, அச்செடுத்துக் கோப்பில் வைத்து, சம்பளப் பட்டியல் பதிவேட்டில் எழுதி, அரசுப் பணத்தை வழங்கும் கருவூலத்துக்குப் பட்டியல் (பில்) அனுப்பும் பதிவேட்டிலும் குறித்து, நான்கு முறை செய்கிறோம். உங்கள் தங்கையின் இரவு 8 மணி அதில்தான் கரைகிறது.

13 ஜனவரி 2025

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, கணினியால் ஒன்றுமே நடக்கவில்லை என்று நான் சொல்வதாக இருவர் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியல்ல. என்ன மாறியது என்பதை முதலில் வைக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் கருவூலங்கள் 1962 வரை மாவட்ட ஆட்சியரின் கீழ், வருவாய் நிர்வாகத்தின் ஒரு பகுதியாகவே இருந்தன. அந்த ஆண்டில்தான் கருவூலக் கணக்குத் துறை தனித் துறையானது. நான் பணியில் சேர்ந்த 1993-இல் எங்கள் ஊரிலிருந்து சார்நிலைக் கருவூலம் 22 கிலோமீட்டர். பட்டியல்களைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு அலுவலக உதவியாளர் காலைப் பேருந்தில் போவார், பட்டியலைப் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமான பித்தளை டோக்கனோடு மாலையில் திரும்புவார். மூன்றாம் நாள் ஆட்சேபணைச் சீட்டோடு பட்டியல் திரும்பி வரும். ஒரு கூட்டல் பிழை, ஒரு கையொப்பம் விடுபட்டது, செலவு எந்த வகை என்று காட்டும் கணக்குத் தலைப்பில் ஓர் எண் மாறியது என்று காரணம் சிறியதாகவே இருக்கும், ஆனால் அதற்காக அதே 22 கிலோமீட்டரை மறுபடியும் போய்வர வேண்டும். சம்பள நாளன்று காசாளர் மேசை முன்னால் வரிசையில் நின்று, பட்டுவாடாப் பட்டியலில் வருவாய் முத்திரை ஒட்டிக் கையெழுத்திட்டுப் பணம் வாங்கினோம்.

இன்று ஒருங்கிணைந்த நிதி மற்றும் மனிதவள மேலாண்மைத் திட்டத்தில், இப்போது களஞ்சியம் என்று அழைக்கப்படும் அந்த அமைப்பில், பட்டியல் அலுவலகத்திலிருந்தே கருவூலத்துக்குச் செல்கிறது. பணம் நேரே வங்கிக் கணக்கில் விழுகிறது. கூட்டல் பிழையால் பட்டியல் திரும்புவது என்பதே இல்லாமல் போயிற்று. இது பெரிய விஷயம். பேருந்துப் பயணத்தை ஒழித்த நிர்வாகத்தால் பதிவேட்டை ஏன் ஒழிக்க முடியவில்லை என்பதே என் கேள்வி.

13 ஜனவரி 2025, மாலை

ஒரு திருத்தம். பட்டியல் அனுப்பும் பதிவேட்டை இன்னும் எழுதுகிறோம் என்றேன். என்னோடு பணியாற்றிய அம்மையார் தொலைபேசியில் அழைத்து, அவர் இப்போதிருக்கும் அலுவலகத்தில் அதை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். யார் ஆணையிட்டார்கள் என்று கேட்டேன். ஆணை ஏதும் இல்லையாம். பழைய பதிவேடு பக்கம் தீர்ந்துவிட்டது, புதியது வாங்கவில்லை, அவ்வளவுதானாம். தணிக்கை வந்தால் என்ன சொல்வது என்ற கவலை மட்டும் இருக்கிறது என்றார். நான் சொல்ல வந்ததும் இந்தக் கவலையைத்தான்.

16 ஜனவரி 2025

மென்பொருளா, தலைமையா என்ற கேள்விக்கு உலகில் உள்ள மிகத் தெளிவான பாடம் கனடாவில் இருக்கிறது. சம்பளப் பிரிவில் இருப்பவர்கள் அனைவரும் அதை அறிந்திருக்க வேண்டும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

கனடா மத்திய அரசு ஏறத்தாழ 2,90,000 ஊழியர்களின் சம்பளத்தை ஒரே அமைப்பில் கொண்டுவர ‘ஃபீனிக்ஸ்’ என்ற திட்டத்தை 2016 பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு கட்டங்களாகச் செயல்படுத்தியது. ஆண்டுக்குச் சுமார் 7 கோடி டாலர் மிச்சமாகும் என்பது கணக்கு. அந்த மிச்சம் எங்கிருந்து வரும்? துறைகள்தோறும் சம்பளம் கணக்கிட்டுவந்த ஆலோசகர்களின் இடங்களைக் குறைத்து, பணியை நியூ பிரன்சுவிக் மாகாணத்தின் மிராமிச்சி என்ற சிறு நகரத்துக்குக் கொண்டுபோவதிலிருந்து. ஒரு துறையின் சம்பளம் எப்படிப் போடப்படுகிறது, எந்த ஒப்பந்தத்தில் எந்தப் படி யாருக்கு உண்டு என்பதைத் தலையில் வைத்திருந்தவர்களை, புதிய அமைப்பு ஓடத் தொடங்குமுன்பே வெளியே அனுப்பிவிட்டார்கள்.

செலவும் காலமும் ஒதுக்கியதைத் தாண்டிவிடும் என்று தெரிந்தபோது திட்டத்தை நடத்தியவர்கள் செய்தது இன்னும் மோசம். முன்தேதியிட்ட சம்பள நிலுவையைக் கணக்கிடுவது போன்ற தேவையான செயல்பாடுகளை நீக்கினார்கள் அல்லது தள்ளிவைத்தார்கள். ஒரு துறையில் மட்டும் சோதித்துப் பார்ப்பதாக இருந்ததையும் கைவிட்டார்கள். விளைவாக, 2017 ஜூன் நிலவரப்படி 1,50,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களின் சம்பளக் குறைகள் தீர்க்கப்படாமல் நின்றன. பிழையாகப் போன தொகையும் போகாமல் நின்ற தொகையும் சேர்ந்து 50 கோடி டாலரைத் தாண்டின. அந்நாட்டின் தலைமைத் தணிக்கையாளராக இருந்த மைக்கேல் ஃபெர்குசன், இது திட்ட மேலாண்மையிலும் மேற்பார்வையிலும் நேர்ந்த, புரிந்துகொள்ளவே முடியாத தோல்வி என்று 2018-இல் அறிக்கை வைத்தார். மென்பொருள் உலகெங்கும் பயன்பாட்டில் இருந்த ஒன்றுதான். எந்தச் செயல்பாட்டை நீக்கலாம், எந்த நாளில் தொடங்கலாம் என்று முடிவெடுத்தவர்கள் மனிதர்கள்.

ஊதியக்குழு நிலுவையை எப்போதாவது கணக்கிட்டவர்களுக்கு, நிலுவைக் கணக்கு இல்லாத சம்பள மென்பொருள் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

16 ஜனவரி 2025, சற்றுப் பின்

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து சுகாதாரத் துறையில் 2010-இல் புதிய சம்பள அமைப்பைத் தொடங்கியபோது நடந்ததும் இதே கதைதான். விசாரணை ஆணையம் 2013-இல் கணக்கிட்டபோது அதைச் சரிக்கட்ட ஆகும் மொத்தச் செலவு 120 கோடி ஆஸ்திரேலிய டாலர் என்றது. இரண்டு நாடுகளிலும் சம்பளம் வராமல் தவித்தவர்கள் செவிலியர், எழுத்தர் போன்றவர்கள்.

19 ஜனவரி 2025

சம்பளத்தைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன். நிதி என்று பார்த்தால் கேள்வி வேறு: அரசின் பணம் இந்த நிமிடம் எங்கே இருக்கிறது என்பது அரசுக்குத் தெரியுமா?

2021 ஆகஸ்ட் 9 அன்று அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் மாநில நிதி நிலை குறித்து வெள்ளை அறிக்கை வெளியிட்டார். 2020-21 வருவாய்ப் பற்றாக்குறை ரூ. 61,320 கோடி என்ற எண் அப்போது எல்லோர் வாயிலும் இருந்தது. நான்கு நாள் கழித்து, ஆகஸ்ட் 13 அன்று, சட்டமன்றத்தில் முதல்முறையாகத் தாளில்லா வரவுசெலவுத் திட்டம் வைக்கப்பட்டது. செய்தித்தாள்களில் உறுப்பினர் மேசைகளில் இருந்த கணினிகளின் படம் வந்தது. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது, அரசுக் கணக்குக்கு வெளியே வங்கிகளில் கிடக்கும் பணத்தைத் தேடிப்பிடிப்பது பற்றி அக்காலத்தில் எழுந்த பேச்சு.

அந்தப் பணம் எப்படி வெளியே போகிறது என்பதை நான் அருகிலிருந்து பார்த்தவன். மார்ச் 31 நள்ளிரவோடு செலவழியாத ஒதுக்கீடு காலாவதியாகும். ஆகவே மார்ச் கடைசி வாரத்தில், வேலை இன்னும் தொடங்காத திட்டத்துக்கும் பட்டியல் போட்டுப் பணத்தை எடுத்து, திட்டத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் போட்டுவிடுவார்கள். கருவூலக் கணக்கில் அது செலவு, வங்கிக் கணக்கில் அது இருப்பு. அத்தகைய பட்டியல்களை நானே தயாரித்திருக்கிறேன். ஒரு ஆண்டு மார்ச் 30 இரவு 11 மணிக்கு நான் கொண்டுபோய் வைத்த காகிதத்தில் அலுவலர் கையெழுத்திட்டுவிட்டு, “இந்தப் பணம் ஜூலையில்தான் கட்டடத்துக்குப் போகும், ஆனால் இன்று எடுக்காவிட்டால் கட்டடமே வராது” என்றார். அவர் சொன்னது உண்மை. கட்டடம் வந்தது, குழந்தைகள் அதில் படிக்கிறார்கள். அந்த நான்கு மாதங்கள் அரசு ஒருபுறம் கடன் வாங்கி வட்டி கட்டிக்கொண்டிருக்க, அதன் பணம் மறுபுறம் சேமிப்புக் கணக்கில் தூங்கியது என்பதும் உண்மை.

மத்திய அரசு இதைக் கண்காணிக்க 2008-09-இல் சோதனை முறையில் தொடங்கிய அமைப்புதான் பின்னர் பொது நிதி மேலாண்மை அமைப்பு ஆனது. 2021 ஜூலை முதல், மத்திய நிதியுதவித் திட்டம் ஒவ்வொன்றுக்கும் மாநிலத்தில் ஒரே ஒரு முகமை, ஒரே ஒரு வங்கிக் கணக்கு என்றும், கீழுள்ள அலுவலகங்களுக்கு இருப்பில்லாக் கணக்கு மட்டுமே என்றும் விதி வந்தது. கீழே செலவாகும் நேரத்தில் மேலேயிருந்து பணம் இறங்கும். அந்த ஒரு விதி பத்தாண்டுகள் மென்பொருளால் மட்டும் ஆகாததைச் செய்தது என்பது என் அனுபவம். எங்கள் அலுவலகத்தில் திட்டக் கணக்குகள் 11 இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு ரொக்கப் புத்தகம். அவற்றை மூடி, மீதத்தையும் வட்டியையும் திருப்பிச் செலுத்திய நாளில், எந்தத் திட்டத்தின் பெயரில் திறந்தது என்றே யாருக்கும் நினைவில்லாத ஒரு கணக்கும் கிடைத்தது.

20 ஜனவரி 2025

“அப்படியானால் மார்ச் பழக்கம் ஒழிந்துவிட்டதா?” என்கிறார் ஒரு வாசகர். நான் ஓய்வு பெறும்வரை ஒழியவில்லை. வேலைக்கான அனுமதி டிசம்பரில் வந்தால் செலவு மார்ச்சில்தான் குவியும்.

26 ஜனவரி 2025

முதல் நாள் நான் எழுதியதைத் திரும்பப் பெற வேண்டியிருக்கிறது. ஒரு வாரமாக இதை எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பணிப்பதிவேடு என்பது அரசு ஊழியரின் வாழ்க்கை. முதல் பக்கத்தில் பிறந்த தேதி, உயரம், அங்க அடையாளங்கள், இடக்கை விரல் ரேகைகள். அடுத்தடுத்த பக்கங்களில் ஊதிய உயர்வு, விடுப்பு, இடமாறுதல், தண்டனை. ஒருங்கிணைந்த திட்டத்துக்காக எங்கள் அலுவலகத்தின் பணிப்பதிவேடுகள் அனைத்தையும் கணினியில் ஏற்றினோம். ஏற்றியதை அச்செடுத்து, ஊழியரிடம் காட்டி, சரி என்று கையெழுத்து வாங்கி, கண்காணிப்பாளரும் சான்றளிக்க வேண்டும். அந்தக் கண்காணிப்பாளர் நான்.

எங்கள் அலுவலக உதவியாளர் ஒருவர் 2023 ஏப்ரல் மாதக் கடைசியில் என் மேசைக்கு வந்து, எல்லோருக்கும் சம்பளம் வந்த குறுஞ்செய்தி வந்துவிட்டது, தனக்கு வரவில்லை என்றார். பட்டியலைத் திறந்து பார்த்தேன். அவர் பெயரே அதில் இல்லை. கணினியின்படி அவர் மார்ச் 31 அன்று 60 வயது நிறைந்து ஓய்வு பெற்றுவிட்டார். இரும்பு அலமாரியிலிருந்து அவர் பணிப்பதிவேட்டை எடுத்தேன். பிறந்த தேதி 12.03.1968. கடைசி 8-இன் இடப்பக்க வளைவு மை மங்கிப்போயிருந்தது. வெயிலில் பிடித்துப் பார்த்தால் 8, மேசை விளக்கில் பார்த்தால் 3. ஏற்றியவர் 1963 என்று அடித்திருக்கிறார். எழுத்தில் ‘அறுபத்தெட்டு’ என்று கீழே தெளிவாக இருந்ததை அவர் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. அச்சுப்படி ஆங்கிலத்தில் இருந்தது. எட்டாம் வகுப்பு படித்த அந்த மனிதர் “எங்கே சார் கையெழுத்துப் போடணும்?” என்று கேட்டார், நான் விரலால் இடத்தைக் காட்டினேன்.

பிறந்த தேதியை மாற்றக் கோருவதற்குப் பணியில் சேர்ந்து ஐந்து ஆண்டு வரைதான் காலம் உண்டு என்பது விதி. இது மாற்றமல்ல, பதிவேற்றப் பிழையைத் திருத்துவதுதான் என்று மேலே புரியவைத்து ஆணை பெற இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதமும் அவர் தினமும் வந்து எல்லோருக்கும் தண்ணீர் வைத்தார். அவர் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய சமயம் அது. நாங்கள் சேர்ந்து கொடுத்ததை வாங்க மறுத்து, வட்டிக்குக் கடன் வாங்கிக் கட்டினார்.

நான் முதல் நாள் கேட்டபடி, தலைமை துணிந்து பழைய பதிவேடுகளையெல்லாம் ஒரே ஆணையில் மூடிக் கழித்திருந்தால், அந்த 8-ஐ வெயிலில் பிடித்துக் காட்ட என்னிடம் எதுவும் இருந்திருக்காது. பதிவேட்டை மூடாதது பிழை என்று இப்போதும் சொல்வேன். ஒத்துப்பார்க்காமல் மூடுவது அதைவிடப் பெரிய பிழை என்பதை முதல் நாளே சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

27 ஜனவரி 2025

“ஒத்துப்பார்ப்பது, மூடுவது இரண்டையும் செய்த தலைவர் யாரையாவது பார்த்திருக்கிறீர்களா?” என்ற கேள்வி வந்திருக்கிறது. ஒருவரைப் பார்த்திருக்கிறேன். எங்கள் துறைக்கு இணை இயக்குநராக வந்த அம்மையார் அவர்.

மாதம் 22-ஆம் தேதி, சம்பளப் பட்டியல் நெருக்கடியின் நடுவில், முன்னறிவிப்பின்றி வந்தார். அலுவலர் அறைக்குப் போகாமல் உதவியாளர் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒரே ஒரு பண்டிகை முன்பணத்தை, ரூ. 10,000-க்கான விண்ணப்பத்திலிருந்து வங்கிக் கணக்கு வரை, தன் கண்முன்னே முழுவதும் செய்யச் சொன்னார். ஊழியரின் பெயரும் வங்கிக் கணக்கு எண்ணும் ஐந்து இடங்களில் கையால் எழுதப்படுவதை எண்ணிக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பிற்பகல் 3 மணிக்கு இணையம் நின்றபோது, மீண்டும் வரும்வரை 40 நிமிடம் எங்களோடு காத்திருந்தார். அப்போதுதான் அவருக்கு, நாங்கள் ஏன் எல்லாவற்றையும் தாளில் ஒரு படி வைத்துக்கொள்கிறோம் என்பது புரிந்தது. அதை அவரே சொன்னார்.

ஒரு மாதத்தில் ஆணை வந்தது. மூன்று பதிவேடுகளின் பெயர், அவற்றிலுள்ள கடைசிப் பதிவைக் கணினியோடு ஒத்துப்பார்க்க வேண்டிய நாள், ஒத்துப்பார்ப்பவரின் பதவி, தணிக்கையில் கேட்டால் காட்ட வேண்டிய ஆணை எண் எல்லாம் அதில் இருந்தன. பணிப்பதிவேட்டை மட்டும் அவர் தொடவில்லை. நான் 18 ஆண்டுகள் எழுதிய ஊதிய உயர்வுப் பதிவேட்டின் கடைசி வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டு, ‘சரிபார்க்கப்பட்டு இத்துடன் முடிக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அந்த மாதம் எங்கள் உதவியாளர் 6 மணிப் பேருந்தைப் பிடித்தார்.

2 பிப்ரவரி 2025

செயல்திறன் பற்றியும் சிலர் கேட்டிருப்பதால் ஒரு குறிப்பு. செலவு எவ்வளவு என்று கேட்பதை விட்டு விளைவு என்ன என்று கேட்க வேண்டும் என்பதற்காக மத்தியில் 2005-இல் ப. சிதம்பரம் நிதியமைச்சராக இருந்தபோது விளைவுசார் வரவுசெலவுத் திட்டம் கொண்டுவரப்பட்டது. ஆனால் நான் அமர்ந்த ஆய்வுக் கூட்டங்களில் திரையில் விழுந்தது பெரும்பாலும் ஒரே எண்தான்: ஒதுக்கீட்டில் எத்தனை விழுக்காடு செலவாகியிருக்கிறது. 90-க்கு மேல் இருந்தால் பச்சை, 60-க்குக் கீழே இருந்தால் சிவப்பு. சிவப்பில் இருந்த அலுவலர் எழுந்து நிற்க வேண்டும். மார்ச் 30 இரவு கையெழுத்துகளுக்குப் பின்னால் இந்தச் சிவப்பும் இருந்தது. திரையில் என்ன எண்ணைக் காட்டச் சொல்கிறார்களோ அந்த எண்ணை நாங்கள் உருவாக்கித் தருவோம், பொய்யாக அல்ல, மற்றதையெல்லாம் விட்டுவிட்டு.

குறை மனுக்களிலும் அப்படியே. ‘முடிக்கப்பட்டவை’ என்ற எண்ணில், உரிய அலுவலகத்துக்கு அனுப்பிவைக்கப்பட்ட மனுவும் சேரும், குறை தீர்ந்த மனுவும் சேரும். மனு கொடுத்தவரைத் தொலைபேசியில் அழைத்துத் தீர்ந்ததா என்று கேட்டு அந்த விடையைத் திரையில் வைக்கச் சொல்லும் ஆட்சியரின் கீழ் நாங்கள் வேலை செய்த விதமே வேறாக இருந்தது.

3 பிப்ரவரி 2025

முதலில் கேள்வி கேட்டவருக்கு: உங்கள் தங்கையிடம் இரண்டு செய்திகளைக் கேளுங்கள். கையால் எழுதும் பதிவேடுகளில் எவற்றை எந்த ஆணையின்படி எழுதுகிறார் என்று ஒரு தாளில் குறித்து, அலுவலர் வழியாக மேலே அனுப்பச் சொல்லுங்கள். நாங்கள் அப்படிக் கேட்டபோது, இரண்டு பதிவேடுகளுக்கு ஆணையே இல்லை என்பது தெரியவந்தது. அடுத்து, கணினியில் ஏற்றிய பணிப்பதிவேடுகளின் பிறந்த தேதியை மூலத்தில் எண்ணாலும் எழுத்தாலும் எழுதியிருப்பதோடு மறுபடி ஒத்துப்பார்த்தார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்த வேலைக்காக ஒரு வாரம் இரவு 8 மணி ஆனாலும் பரவாயில்லை.

3 பிப்ரவரி 2025, இரவு

அந்த அலுவலக உதவியாளர் என்ன ஆனார் என்று நால்வர் கேட்டிருக்கிறார்கள். நிலுவைச் சம்பளம் முழுவதும் வந்தது, கடனை அடைத்துவிட்டார், மகள் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவர் ஓய்வு பெற வேண்டிய நாள் 31.03.2028. இன்று பிற்பகல் பழைய அலுவலகத்துக்குப் போய், இப்போதுள்ள கண்காணிப்பாளரிடம் கேட்டு, திரையிலும் அப்படியே இருப்பதைப் பார்த்துவிட்டு வந்தேன்.